ஒயர் லூஸுங்க

மைக்கின் முன்னால் நின்று அவர் இருமுகிறார். 'ஹலோ' கிடையாது, 'ஒன்று, இரண்டு' கிடையாது. ஒரே ஒரு இருமல். அது பின்சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே, இன்றைக்கு எந்த ஸ்பீக்கர் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவார்.

வாரத்தில் ஆறு நாள் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி பழுதுபார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜை. மேஜைமேல் இருக்கும் பெட்டியில் மூன்று குமிழ்கள்; ஒவ்வொன்றின் கீழும் டேப் ஒட்டி, தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: போதகர், பாடகர் குழு, மற்றவர்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த மூலைதான். பிரசங்கம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. "கொஞ்சம் இரைச்சல். குறைச்சுட்டேன்" என்பார்.

நேரில் அவரை 'ஒயர்க்காரர்' என்கிறார்கள். அவர் இல்லாத இடத்தில் 'லூஸ் ஒயர்'. அதற்கு ஒரு காரணம் உண்டு.

பல வருடங்களுக்கு முன் சபையின் பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, போதகரை ஏன் சபையாரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கேட்க ஆரம்பித்தார். பாதிக் கேள்வியில் மைக் செத்துவிட்டது. அன்றைக்கு நிஜமாகவே ஒயர் லூஸ். இவர் அடித்துப் பிடித்து ஓடிச் சரிசெய்வதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் போதகர் இவர் தோளில் கை வைத்து, "ஆண்டவரே பார்த்துச் செஞ்ச மாதிரி இருந்தது" என்றார். மூன்று வருடமாக இவர் கெஞ்சிக் கொண்டிருந்த புது ஆம்ப்ளிஃபயர் அடுத்த மாதமே வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு ஒயர் ஒருநாளும் லூசானதில்லை. மைக் மட்டும் இரண்டு தடவை நின்றது. சபைக்குழுவில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று ஒரு நர்ஸ் கேட்டபோது ஒரு தடவை. ஏன் ஒருத்தரைக் காரணம் சொல்லாமல் சபையிலிருந்து நீக்கினீர்கள் என்று ஒரு தையல்காரர் கேட்டபோது இன்னொரு தடவை. இரண்டு தடவையும் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் மூன்றாவது குமிழைத் திருகினார். மைக் ஏன் நின்றது என்று கேட்டவர்களிடம், "ஒயர் லூஸுங்க" என்றார். யாரும் இவருக்கு உத்தரவு போட்டதில்லை. அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொள்வார். ஆனாலும் அந்த நர்ஸைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

அவருடைய அக்கா ஞாயிறு பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் இவரும் அந்த வகுப்பில் இருந்தவர்தான். ஸ்க்ரூ என்று கண்ணில் பட்டால் கழற்றாமல் விடமாட்டார். "கை சும்மா இருக்காதா உனக்கு? அது மேலயே உட்காரு" என்பார் அக்கா. நோவாவின் கப்பல் கதையை முழுக்க முழுக்க இரண்டு உள்ளங்கைமேல் உட்கார்ந்தபடியே கேட்டு முடித்தார்.

போன மாதம் அந்த வகுப்பில் ஒரு சிறுமி, ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன தன் தாத்தா நரகத்திலா இருக்கிறார் என்று கேட்டாள். சபையின் விசுவாச அறிக்கையில் ஏழாவது பிரிவு 'ஆம்' என்கிறது. "இல்லம்மா, தாத்தா கடவுள்கிட்டதான் இருக்காரு" என்று அக்கா சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது. அப்பா சபைக்குழுவில் போய்ச் சொன்னார். குழு அக்காவைக் கூப்பிட்டு விசாரித்துத் தீர்மானம் போட்டது. தான் சொன்னது தவறு என்று சபைமுன் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பும் இல்லை, திருவிருந்தும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்து, குழு எழுதிக் கொடுத்த தாளை மேஜைமேல் வைத்தார்.

"படிச்சிடுக்கா. அஞ்சு வரிதானே" என்றார் இவர்.

"அங்க நின்னாத்தான் தெரியும், வாய் வருதா இல்லையான்னு. நாளைக்கு உன் ஒயர் எப்படிடா இருக்கும்?"

இவர் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்காவுக்கு இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. அக்கா மைக் முன்னால் தாளை விரித்து, "பிள்ளைகளுக்கு நான் தவறாகப் போதித்தேன்" என்று முதல் வரியை வாசித்தார். அத்தோடு நின்றுவிட்டார். தாளை நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

"அந்தப் பிள்ளை ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்கு. அது முகத்தைப் பார்த்துக்கிட்டு இதை என்னால படிக்க முடியல."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஒயர்க்காரரின் விரல்கள் மூன்றாவது குமிழில்தான் இருந்தன. இதைத் திருகாவிட்டால் அடுத்த வாரம் இந்த மேஜையில் வேறு ஆள் இருப்பார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த சபையார். அதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

போதகர் கண்ணாடியைத் துடைத்தார். கடைசி பெஞ்சு வரைக்கும் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. போதகர் நிமிர்ந்து பின்மூலையைப் பார்த்து, இரண்டாம் தடவை துடைக்க ஆரம்பித்தார்.

ஒயர்க்காரர் குமிழிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.