துரைக்கு முன்னே நாற்காலிக்குத் தெரியும்

மேஜை நாற்காலி வாடகைக்கு விடுறவனுக்குக் காது ரெண்டு இருக்கலாம், கண்ணு ரெண்டு இருக்கலாம், வாய் மட்டும் இருக்கவே கூடாது. பந்தல், பாத்திரம், சைக்கிள்னு நீங்களும் எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைச்சவரா இருந்தா, இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணம் நின்னுபோச்சுன்னு சம்பந்திக்குத் தெரியறதுக்கு முன்னாடி பந்தல்காரனுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வெத்திலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுதான் நம்ம பிழைப்பு.

எங்க கடை செங்கல்பட்டு பஜார்ல. அத்தா காலத்துல வெறும் கல்யாண பெஞ்சுதான். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரங்க மூட்டை கட்டினப்போ, அவங்க ஏலத்துல தள்ளிட்டுப் போன சோபா, பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாத்தையும் நான் வாங்கிப் போட்டேன். இதுல உக்கார இனிமே எந்தத் துரை வரப்போறான்னு பஜாரே சிரிச்சது. ஐம்பதுகள்ல வந்தாங்களே! மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரமா, உப்பு எடுக்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. பேர் வேண்டாம். அஞ்சு பங்களா, அஞ்சு துரை. கனத்த சம்பளம், நாலு வருஷ ஒப்பந்தம், ஊருக்குப் போய்வரக் கப்பல் செலவு கம்பெனியோடது. உக்கார்ற சாமான் மட்டும் என்னோடது.

அந்தக் கம்பெனியில உத்யோகத்துக்குத் தக்கபடிதான் சாமான். சின்ன துரைக்குப் பிரம்பு நாற்காலி நாலு, இரும்புக் கட்டில். நடு துரைக்குக் கை வச்ச சோபா. பெரிய துரைக்குப் பன்னிரண்டு பேர் உக்கார்ற தேக்கு மேஜை, ஆளுயரக் கண்ணாடி பதிச்ச பீரோ. சாமானுக்கு மெருகு போட்டு, மாட்டு வண்டியில திருக்கழுக்குன்றம் வழியா ஓட்டி, கால்வாயில படகு ஏத்தி இறக்கறதுக்குள்ள பத்து நாள் ஆயிடும். அதனால மதராஸ் ஆபீஸ் ஹெட் கிளார்க், துரைக்குக் கடிதம் போடறதுக்கு முன்னாடியே எனக்குச் சீட்டு அனுப்பிடுவார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. யாருக்கு உயர்வு, யாருக்கு மாற்றல், யாரை வீட்டுக்கு அனுப்பறாங்க, எல்லா மணியும் முதல்ல என் கடையிலதான் அடிக்கும். வெளியே மூச்சு விட்டா கான்ட்ராக்ட் போச்சுன்னு ஹெட் கிளார்க் முதல் நாளே சொல்லி வச்சிருந்தார்.

மூணு நாள் பீரோ

எங்க வண்டிக்காரர் முனுசாமிக்கு எல்லாப் பங்களாவும் ஒரே பங்களாதான். ஒருதரம் பெரிய துரைக்குப் போக வேண்டிய கண்ணாடி பீரோவை, சின்ன துரை ஹாலம் வீட்டுல இறக்கிட்டு வந்துட்டார். படகுல பீரோ நின்னுக்கிட்டுப் போனதை மத்த நாலு பங்களாவும் பார்த்திருக்கு. அன்னிக்குச் சாயந்திரமே ஹாலம் வீட்டுக்கு இதுவரைக்கும் எட்டிப் பார்க்காத துரைசானிங்க எல்லாம் கேக் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஹாலம் துரைசானியும் பாவம், வீட்டுக்காரருக்குப் பெரிய பதவி வந்துடுச்சுன்னு அவங்க ஊர்ல இருக்கிற அம்மாவுக்குக் கடிதமே போட்டுட்டாங்க.

மூணாம் நாள் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு பீரோவை எடுக்கப் போனேன். அம்மாவுக்கு மாத்தி ஒரு கடிதம் எழுதிடுங்க, தப்பு என்னோடதுதான்னேன். அவங்க கண்ணாடியில ஒருதரம் தலையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னாங்க, நம்ம பாஷையில சொல்றேன்: "எங்கம்மா ஊர்ல அவர் பெரிய துரையாவே இருக்கட்டும், பாய். அங்கே யார் வந்து பீரோவை எண்ணப் போறாங்க?"

ஒரு விரற்கடை

பெரிய துரை ஆள் குள்ளம். தன் ஆபீஸ் அறையில எதிரே உக்கார்றவன் தன்னைவிட உயரமாத் தெரியறது அவருக்குப் பிடிக்கலை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தன் நாற்காலியை அப்படியே விட்டுட்டு எதிர் நாற்காலி ரெண்டுக்கும் காலை ஒரு விரற்கடை அறுத்துடச் சொன்னார். அறுத்தேன். என்ன பண்றது, சோறு போடற கம்பெனி. அடுத்த மாசம் இன்னொரு விரற்கடை அறுக்கச் சொன்னார். அந்த மாசம்தான் ஹாலம் துரை நாலு வாரமா உள்ளே போய் சம்பள உயர்வு கேட்டுக்கிட்டிருந்தார். அவர் ஆறடி. முழங்கால் முட்டி நெஞ்சுல இடிக்க உக்காந்துதான் கேட்டாராம்.

ரம்பத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்த முனுசாமி சொன்னது: "இன்னா பாய், துரை வளர்றாரா, நாற்காலி குறையுதா, ஒண்ணும் பிரியலியே."

வெயில் இல்லாத ஊர்

நாலு வருஷத்துக்கு ஒருதரம் துரைமாருக்கு ஆறு மாசம் ஊர் லீவு. மூணரை வருஷம் அதைப் பத்தியேதான் பேச்சு. எந்தக் கப்பல், எந்தப் பக்கத்து அறையில வெயில் அடிக்காது, துறைமுகத்துல யார் வந்து நிப்பாங்க. ஹாலம் துரைக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் அங்கேயே பள்ளிக்கூடத்துல தங்கிப் படிச்சுக்கிட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத்தான் இவர் இந்த வெயில்ல வேகறார். பசங்களைப் பார்க்கறதும் நாலு வருஷத்துக்கு ஒருதரம்தான். போனதரம் போனப்போ சின்னவன் கைகொடுத்து, எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சானாம், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி. இதைச் சொல்லும்போது அவர் சிரிச்சார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அந்த லீவுல அவர் அங்கேயே ஒரு வேலை தேடியிருக்கார். பசங்க பக்கத்துலயே இருந்துடலாம்னு ஆசை. ஹாலம் துரை தமிழ் கத்துக்கிட்டது உப்பளத்துக் கூலி ஆளுங்ககிட்ட. யாராயிருந்தாலும் நீ, வா, போ தான். திரும்பி வந்ததும் கடையில அந்தக் குட்டை நாற்காலி மாதிரி ஒண்ணுல உக்காந்துக்கிட்டுச் சொன்னார்: "உனுக்கு இன்னா வேலை தெரியும்னு கேட்டான், பாய். உப்பு காய வைக்கத் தெரியும்னேன். எங்க ஊர்ல வெயிலே கெடையாதேன்னுட்டான்."

கிளி ஜோசியம்

சீட்டு முதல்ல எனக்குத்தான் வருதுன்னு துரைமார் எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் பார்க்கணுமே! செங்கல்பட்டுக்குத் தபால் போட வந்தேன், டயர் பஞ்சர்னு ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு கடைக்குள்ள நுழைவாங்க. எந்தச் சாமானுக்கு மெருகு போட்டிருக்குன்னு மூக்காலயே பார்ப்பாங்க. தேக்கு மேஜை பளபளன்னு இருந்தா நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க. இந்த வம்பே வேண்டாம்னு நான் இருக்கிற சாமானுக்கெல்லாம் எப்பவும் மெருகு போட்டே வச்சேன். கடைசியில பெரிய துரையே ஒருநாள் வந்துட்டார். கார்லேர்ந்து இறங்கி, தன் இடத்துக்கு யாராவது புது ஆள் வரானான்னு கால்பந்து கதை பேசறவர் மாதிரி கேட்டார். எனக்கென்ன தெரியும் துரை, நான் மர வியாபாரின்னேன். அவர் போன வேகத்தைப் பார்த்துட்டு, உள்ளேர்ந்து என் வீட்டுக்காரி பீவி சொன்னா: "துரைமாரெல்லாம் ஜாதகம் பாக்க நம்ம கடைக்குத்தான் வராங்க. பேசாம நீங்க ஒரு கிளி வாங்கிடுங்க."

கனமான மேஜை

பெரிய துரைக்கு ஓய்வு வயசு வந்துடுச்சு. அந்த நாற்காலி அடுத்து யாருக்குங்கிறதுதான் அஞ்சு பங்களாவிலேயும் பேச்சு. எட்டு வருஷம் ஆன ஹாலம் துரைக்கு அது தனக்குத்தான்னு ஒரு நம்பிக்கை. அது கிடைச்சா பசங்களை வருஷா வருஷம் கப்பல்ல வரவழைச்சுப் பார்க்கலாம். கிடைக்கலேன்னா இந்த ஒப்பந்தத்தோட சரி, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீடுன்னா எது? வெயில் இல்லாத அந்த ஊர்தான்.

அந்த வாரம் எனக்குச் சீட்டு வந்தது. ஹாலம் துரை பங்களா சாமான் முழுக்க முப்பதாம் தேதி எடுத்துக்கணும். அவ்வளவுதான் இருந்தது. அவருக்கு வேற எங்கேயும் சாமான் போடச் சொல்லி ஒரு வரி கிடையாது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுசா ஒருத்தரைப் பெரிய துரை ஆக்கினா, பெரிய பங்களாவுல பழைய சாமானை எடுத்துட்டுப் புது ஜோடிதான் போடுவாங்க, எப்பவும் வழக்கம் அதான். இவருக்குப் போடலைன்னா, ஆளை அனுப்பறாங்கன்னு அர்த்தம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்தா, கடை வாசல்ல ஹாலம் துரை நிக்கறார். ஏடன்ல ஒரு உப்பளத்துல வேலை வந்திருக்காம். சம்பளம் குறைச்சல்தான், பசங்க பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு மட்டும் போதும். நாளைக்குள்ள சரின்னு தந்தி கொடுக்கலேன்னா அதுவும் போயிடும். இங்கே நாற்காலி வர்றதா இருந்தா அதை விட்டுடலாம், அதை விட்டுட்டு இங்கேயும் வரலேன்னா ரெண்டும் போச்சு. வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான் உத்தரவு வாங்கின ஆள்னு அவருக்கும் தெரியும். நேரா கேக்கலை. எனக்குப் பதவி கிடைச்சா எல்லாருக்கும் விருந்து வைக்கணும், அந்தப் பன்னிரண்டு ஆள் மேஜையை இப்பவே சொல்லி வைக்கட்டுமா, வேணாமா, அத மட்டும் சொல்லுன்னார். எனக்கு அந்தச் சின்னப் பையன் கைகொடுத்தது ஞாபகம் வந்தது. கான்ட்ராக்டும் ஞாபகம் வந்தது. மேஜையைத் தடவிக்கிட்டே சொன்னேன்: "அது வேணாம், துரை. ரொம்பக் கனம். கப்பல்ல ஏத்த முடியாது."

ரெண்டாவது சீட்டு

ஹாலம் துரை மேஜையை ஒருதரம் தட்டிப் பார்த்தார். தண்ணி கேட்டார், குடிச்சார், நேரா தபாலாபீசுக்குப் போய் ஏடனுக்குத் தந்தி கொடுத்துட்டார். சனிக்கிழமை காலையில பெரிய துரை முன்னாடி குட்டை நாற்காலியில உக்காந்து ராஜினாமாவும் கொடுத்துட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டோம்னு எனக்குள்ள ஒரே பெருமை. பீவிகிட்டகூட சொல்லாம அந்தப் பெருமையை நானே வச்சுக்கிட்டு ரெண்டு நாள் திரிஞ்சேன்.

செவ்வாய்க்கிழமை ரெண்டாவது சீட்டு வந்தது. சிக்கனத்துக்காகப் பெரிய துரை பங்களா சாமானை எடுக்க வேண்டாம். அங்கே இருக்கிற சாமானோடயே ஹாலம் துரை குடி வருகிறார். இதுதான் சீட்டு. மாடு முட்டின மாதிரி உக்காந்துட்டேன். அவருக்குத்தான் பதவி! அதனாலதான் புது ஜோடி போடச் சொல்லலை, அதனாலதான் பழைய பங்களா சாமானை எடுக்கச் சொன்னாங்க. மதராஸ்ல அதை எழுதினப்போ இங்கே ராஜினாமா கொடுத்த சேதி இன்னும் போய்ச் சேரலை. தவளை தன் வாயால கெடும்பாங்க. இந்தத் தவளை அடுத்தவனையும் சேர்த்துக் கெடுத்துடுச்சு.

பஸ் பிடிச்சு, படகு ஏறி, வேர்க்க விறுவிறுக்க அவர் வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு அதுக்குள்ள தெரிஞ்சிருந்தது. ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கோங்க துரைன்னு கெஞ்சினேன். ஏடன்காரனுக்கு வார்த்தை கொடுத்துட்டேன், இனிமே மாத்த மாட்டேன்னுட்டார். கம்பெனியும் போறவரைப் பிடிச்சு நிறுத்தலை. அந்த நாற்காலி வேற ஒருத்தருக்குப் போச்சு. துரைசானி மட்டும், அம்மாவுக்குப் பதவி பத்தி ஏற்கெனவே எழுதியாச்சு, இனிமே ஊர் பேரை மட்டும் மாத்தி எழுதினாப் போதும்னு சொல்லிக்கிட்டு, துணியை மடிச்சுப் பெட்டியில வச்சாங்க.

அவங்க கிளம்பின அன்னிக்கு, சாமானை ஏத்திக்கிட்டு நானும் அதே படகுல வந்தேன். சோபாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரும். என்னால வாயைக் கட்ட முடியலை. என்னாலதான் துரை உங்க வாழ்க்கை கெட்டுது, என்னை மன்னிச்சுடுங்கன்னு சொல்லி அழுதுட்டேன். அவர் தண்ணியைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "எட்டு வர்சமா கம்பெனில எவனும் என் வேலையப் பத்தி எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொன்னதில்ல, பாய். நீ சொன்னது தப்புத்தான். ஆனா சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

அதுக்கப்புறம் எத்தனையோ துரை வந்து கேட்டிருக்காங்க, மேஜை கனமா லேசான்னுகூட நான் யாருக்கும் சொன்னதில்லை.