தரையில் பதிந்த கை

அமாவாசை என்றால் எங்கள் கடலூர் வீட்டில் தரையில்தான் சாப்பாடு. இன்று எழுந்து திரும்பினால், வெள்ளை டைல்ஸில் ரச ஈரத்தோடு ஐந்து விரல்கள். என்னையறியாமல் கையை ஊன்றியிருக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, சிதம்பரத்தில் பெரியப்பா, எச்சில் கை தரையில் படாமல், சம்மணத்திலிருந்து ஒரே மூச்சில் எழுவார். ஒரு மதியம் சிவப்புத் தரையில் அவர் கை பதிந்தது. மோர் வாசனையோடு அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஈரத்துணியோடு வந்தார்.

"கால் மரத்துப்போச்சுடி."

"யாரு கேட்டாங்க?"

மறுநாள் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மழைக்காலத்துக்குள் கட்டில் கூடத்துக்கு வந்தது. அதன்பின் அவர் தானாக எழுந்து நான் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கோப்பு நகர்த்தியவன் நான். எந்தக் காகிதத்துக்குப் பின் எது வரும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

மருமகள் துணியோடு வந்தாள்.

"கால் மரத்துப்போச்சும்மா" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே மாமா."

துடைத்தாள். தரையைத் தொடாமல் எழுந்தாள். என் மகனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, மாடியில கெடக்குற அந்த நாற்காலிய எறக்கிட்டு வாங்க."