சனிக்கிழமைகளில் வளர்ந்த பிள்ளைகள்

மூத்த மகள் பிறந்தபோது எனக்கு உள்ளூரில் வேலை இல்லை. கல்முனையில் மனைவியின் வீட்டில் குடும்பம். வேலையோ சாகாமத்துக்கும் அப்பால் ஒரு குளத்தடியில், நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞர். திங்கள் காலை பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் வீடு வருவேன்.

பிள்ளை வளர்வதைப் பதிந்து வைக்க ஒரு கொப்பி வாங்கினேன். குப்புறப் புரண்டது, முதல் பல், முதல் சொல் என்று எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். 'தவழ்ந்தாள். சனி, காலை ஒன்பது பத்து. சாட்சி: நான்.' எங்கள் அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும் அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

என்னோடு விடுதியில் தங்கியிருந்த தலைமை எழுதுவினைஞர் தம்பிலுவில்காரர். திங்கள்தோறும் கொப்பியை அவரிடம் காட்டுவேன். ஒரு நாள் அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"தம்பி, ஒங்கட புள்ள சனி, ஞாயிறில மட்டுந்தான் வளருதோ?"

"நான் வருமட்டும் பாத்துக்கிட்டிருக்கா. வாப்பாவில அவ்வளவு பாசம்" என்றேன்.

அவர் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுக் கோப்புக் கட்டப் போய்விட்டார்.

மகளுக்கு நான்கு வயதானபோது மகன் தளர்நடைப் பருவத்துக்கு வந்தான். ஒரு சனிக்கிழமை காலை நான் பிட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, முற்றத்திலிருந்து மனைவி கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்க, நடக்கப் போறான் போல."

போய் நின்றேன். அவர் பிடியை விட்டார். மகன் ஏழெட்டு எட்டில் என்னிடம் வந்தான், என் காலைச் சுற்றினான், வழியில் கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். ஒரு தள்ளாட்டம் இல்லை. முதல் நாளிலேயே இப்படி நடக்கும் பிள்ளையை யார் கண்டார்கள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலியடியில் நின்ற பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். "மாஷா அல்லாஹ்" என்றவர், என்னைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

உள்ளே வந்து எழுதத் தொடங்கினேன். மகள் தோளில் சாய்ந்தாள்.

"என்ன வாப்பா எழுதிறீங்க?"

"தம்பி இண்டைக்கு நடந்தத்த."

"இண்டைக்கு இல்ல வாப்பா, செவ்வாக்கிழம. தாத்தாட வளவுக்குப் போய்க் கோழியெல்லாம் தொரத்தினவன்."

"உம்மா எனக்குச் சொல்லல்லியே."

"ஒங்களுக்கு முன்னால நடக்கட்டுமெண்டுதான். நான் நடந்ததும் அப்பிடித்தானாம்."

பேனாவை மூடினேன். நான்கு வருடத்துக் கொப்பி கையில் இருந்தது. அதிலிருந்த சாட்சி, எங்கள் ஒழுங்கையின் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த ஒன்றைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன். கோபத்தோடு குசினிக்குப் போனேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"நாலு நாளா அவனப் புடிச்சுப் புடிச்சு இருத்தினதில என்ட இடுப்புப் போயிற்று" என்றார். "கண் கலங்கினீங்கதானே. அதுவும் பொய்யா?"

திரும்பிப் போய் 'சனி' என்பதை வெட்டி 'செவ்வாய்' என்று திருத்தினேன். சாட்சியாக மூத்த மகளைப் போட்டு, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்.

அடுத்த வெள்ளி, வாசலில் மகளைக் கேட்டேன். "தம்பி புதுசா என்ன செஞ்சான்?"

அவள் உம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "ஒண்டுமில்ல வாப்பா, சும்மாதான் இருந்தான்" என்றாள். உள்ளேயிருந்து மகன் "வாப்பா" என்று துலக்கமாகக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டு நான் முன்பு கேட்டதில்லை. என் மகளின் முதல் பொய்யை, யாருடைய ஏற்பாடும் இல்லாமல் நேரிலேயே கண்டுவிட்டேன் என்று எனக்குச் சந்தோசம்.

எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்தது. மூன்றாவதாக ஒரு மகள் பிறந்தபோது தினமும் வீட்டில் இருந்தேன். இனி ஒன்றும் தப்பாது என்றிருந்தேன். ஒரு பின்னேரம் சாய்மனைக் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் முதல் தடவையாக எழுந்து என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்து போனாளாம். தாளுக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க வீட்டிலதானே இருந்தீங்க" என்றார்.