பக்கச் சக்கரத்தில் கல் மாதிரி காற்று

போலியோவால் கால் பாதித்த நான், இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் அறந்தாங்கிக்குப் போய் வருகிறேன். ஒருநாள் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகையில், காற்றடிக்க நிறுத்தியதும் கடைக்காரர், "இறங்க வேணாம்ண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார். காற்றின் அளவு காட்டும் மீட்டரை வைக்காமலே பக்கச் சக்கரங்களைக் கல் மாதிரி ஆக்கிவிட்டார். நானும் கேட்கவில்லை.

ரயில்வே கேட் அருகே பிரேக் பிடித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கியது. எதிரே வந்த பஸ் ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் மகள் அழுதாள். எனக்குப் பயம்கூட வரவில்லை. பஸ் நம்பரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"பக்க வீல் ரெண்டும் வெயிட்டத் தாங்கிருச்சு. நடுவுல இருக்க பின்வீல் தரையில அழுந்தலைங்க, பிரேக் எப்புடிப் பிடிக்கும்?" என்றார் பிறகு வண்டியைப் பார்த்த மெக்கானிக்.

இப்போது ஊன்றுகோலுடன் இறங்கி நின்று, பக்கச் சக்கரங்களுக்குக் குறைவாக, மீட்டர் பார்த்தே அடிக்கச் சொல்கிறேன். "ஒக்காருங்கண்ணே" என்கிறார்கள் கடைக்காரர்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். நான் இறங்கிவிடுகிறேன்.