வேலம்மா சொன்ன ஒற்றை எழுத்து

கட்டுமரங்கள் கடலில் இறங்கும் நேரத்தில் வேலம்மா மட்டும் ஏன் கரைப் பக்கம் வருவதே இல்லை? சிறுவயதில் எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருந்தது. பதில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்களைக் கேட்டால், "அவ வாய் அப்படி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சை எடுப்பார்கள். வேலம்மாவோ நாலு பேர் கூடிய இடத்தில் அதிர்ந்து பேசாதவள். அந்த வாய்க்கு என்ன கேடு என்று விளங்கவே இல்லை. பள்ளிப்படிப்பு முடிந்த பிறகுதான், வேலம்மாவின் தங்கை குப்பம்மாவின் வாயால் முழுக் கதையும் தெரிந்தது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். வேலம்மாவுக்குப் பதினேழு வயது. அம்மா இல்லை. நைனா துளசிங்கம் பிற்பகலில் கட்டுமரம் ஏறினால் விடிந்துதான் திரும்புவார். தங்கை குப்பம்மாவுக்குப் பதினோரு வயது. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு வேலம்மாதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் குப்பத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து யாரும் "போ" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வா" என்றுதான் சொல்வோம். எல்லா ஊரிலும் உள்ளதுதான் இது. ஆனால் ஆண்கள் கடலில் இருக்கும்போது எங்கள் ஊரில் நாயை விரட்டக்கூட அந்த எழுத்தை வாயில் எடுக்க மாட்டார்கள். "ச்சூ" என்பார்கள், இல்லாவிட்டால் கல்லை எடுப்பார்கள். கரையில் சொன்ன "போ" கடலில் இருக்கிறவனைத் தேடிப் போய்ச் சேரும் என்று பயம்.

புரட்டாசியில் ஒரு நாள், விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வேலம்மா வயதுதான் இருக்கும். நிறம் மட்டும் ஐஸ் பெட்டியில் ரெண்டு நாள் கிடந்த மீனைப்போல வெளுத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் உப்பு குடேன்."

"வெளக்கு வெச்சாச்சே, இப்போ உப்பு குடுக்கக் கூடாதும்மா. நீ எந்தப் பக்கம்?"

"தோ, இப்படித்தான்." அவள் சவுக்குத் தோப்பைக் காட்டினாள்.

"தப்பா நெனைச்சுக்காதே. போய்ட்டு வா."

மறுநாள் மாலை அவள் வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். வேலம்மா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த உப்பை அவள் தொடவும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததில் வேலம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

"மீன் காயற ஊர்ல உம்மேலே மட்டும் ஒரு ஈகூட ஒக்காரலியே! இன்னா சோப்பு போடறே?"

"சோப்பா? நான் குளிச்சே ரொம்ப காலமாச்சுக்கா."

"சீ, கழுதே! சரி, உம் பேர் இன்னா?"

"இருந்துச்சு. கூப்பிட ஆளில்லாம மறந்துபோச்சு."

வேலம்மா அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். தினமும் மாலையில் அவள் வருவதும், அவளைத் தங்கைக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு வேலம்மா ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவதும் பழக்கமாகிவிட்டது. திரும்பி வந்ததும் அவளை "போய்ட்டு வா" என்று அனுப்பி வைப்பாள்.

குப்பம்மா நாளுக்கு நாள் இளைத்தாள். எழுந்தால் தலை சுற்றியது. குதிகாலில் சின்னதாக இரண்டு புள்ளிகள் இருந்தன. நண்டு கடித்திருக்கும் என்று மஞ்சள் வைத்தாள் வேலம்மா. பிறகு படகேற்றிப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "பொண்ணுக்கு ரத்தமே இல்லையே" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரையும் கேட்கவில்லை. சில நாளில் குப்பம்மாவால் பாயை விட்டு எழவே முடியவில்லை.

அன்று மாலை வேலம்மா தண்ணீருக்குக் கிளம்பினாள். சும்மாடு கட்டத் துணி எடுக்க மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பி வந்தாள். அந்தப் பெண் தங்கையின் குதிகாலில் வாய் வைத்திருந்தாள்.

குடம் கீழே விழுந்து உடைந்தது.

"இன்னாடி பண்றே?"

அவள் பதறவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்தாள். கை சிவந்தது.

"ரத்தக் காட்டேரியாடி நீ?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"எங்க வூட்டுக்குள்ளே எப்படி வந்தே? யார் உன்னைக் கூப்ட்டா?"

"நீதான்க்கா. தெனம் கூப்பிட்டியே, போய்ட்டு வா, போய்ட்டு வானு. கூப்பிடாத வூட்ல எங்களால கால் வெக்க முடியாது."

"அது பேச்சுக்குச் சொல்றதுடி!"

"பேச்சுக்குச் சொன்னா இன்னா, மனசாரச் சொன்னா இன்னா? வான்னா வாதான்."

"சரி, இனிமே வராதே."

"உள்ளே ஒக்காந்துனு கீறவளைப் பார்த்து வராதேன்னா எப்படி? போன்னு சொல்லு. எழுந்துடறேன். அப்புறம் நான் நெனைச்சாலும் இந்த வாசல்ல ஏற முடியாது."

வேலம்மா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். நைனா கடலில் இருக்கிறார். குப்பத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கடலில் இருக்கிறார்கள்.

"நைனா வந்துடட்டும். காலையில சொல்றேன்."

"காலை வரைக்கும் என் பசி தாங்காது. இவளும் தாங்க மாட்டா. அது உனக்கே தெரியுது."

"அப்போ என்னைக் குடி, அவளை விட்டுடு." வேலம்மா கையை நீட்டினாள்.

"நீ படுத்துட்டா இவளை யார் பாப்பா? நாளைக்கும் எனக்குப் பசிக்கும்க்கா."

இதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. சலிப்போடு சொன்னாள். அதுதான் வேலம்மாவுக்குப் புரியவில்லை.

"உன்னைத் துரத்தற வழியை நீயே ஏன்டி எனக்குச் சொல்லித் தரே?"

"எத்தினியோ வூட்டுக்குப் போயிட்டேன். எல்லாரும் போய்ட்டு வான்னுதான் அனுப்பினாங்க. சொன்ன வூட்டுக்கெல்லாம் திரும்பத் திரும்ப வந்துனே கீறேன். ஒருத்தர்கூட என்னைப் போக விடலே."

வேலம்மா தங்கையைப் பார்த்தாள். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிறகு கடல் இருக்கும் திசையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"போ!"

காட்டேரி எழுந்தாள். எல்லோரும் சொல்லும் "வரேன்" என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சவுக்குத் தோப்பை நோக்கி நடந்தவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பக்கத்துக் குடிசையில் மீன் அரிந்துகொண்டிருந்த இருசம்மாள் அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் புருஷன் சுப்பராயலுவும் கடலில்தான் இருந்தான்.

"அடிப்பாவி! ஆம்பளைங்கல்லாம் கடல்ல கீறாங்கடி! யாரைப் பார்த்துப் போன்னே?"

"காட்டேரியைச் சொன்னேன்க்கா."

இருசம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாயில் கிடந்த குப்பம்மாவும் உடைந்த குடமும்தான் கண்ணில் பட்டன.

விடிந்ததும் கட்டுமரங்கள் வரிசையாகக் கரை சேர்ந்தன. துளசிங்கம் வந்துவிட்டார். சுப்பராயலுவின் மரம் மட்டும் கரையோர அலையில் கவிழ்ந்து, கட்டை அவன் காலில் அடித்தது. உயிர் தப்பினான். ஆனால் எலும்பு கோணலாகக் கூடியதால் அதற்குப் பிறகு அவனால் கடலுக்குப் போக முடியவில்லை.

"இவ வாய்தான்! இவ சொன்ன வார்த்தைதான்!" என்று இருசம்மாள் மணலை வாரித் தூற்றினாள்.

"நானும் அதே கடல்லதானே இருந்தேன்? எனக்கு ஒன்னும் ஆகலியே!" என்றார் துளசிங்கம். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. படுத்த படுக்கையிலேயே எல்லாவற்றையும் கேட்டிருந்த குப்பம்மா சொன்னதையும், காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று தள்ளிவிட்டார்கள்.

குப்பம்மா மெல்லத் தேறினாள். இப்போது திருப்பாலைவனத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறாள். வேலம்மாவுக்கு வந்த வரன்கள் இந்தப் பேச்சைக் கேட்டதும் நின்றுபோயின. நைனாவோடு அதே வீட்டில் இருந்துகொண்டு கருவாடு போடுகிறாள். மரம் இறங்கும்போது கரைக்கு வராதே என்று அவளை யாரும் தடுக்கவில்லை. அவளாகவே வருவதில்லை.

"நான் சொன்னது வாசலோட நின்னுச்சா, அலை வரைக்கும் போச்சான்னு எனக்கே தெரியலடி" என்று தங்கையிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "சுப்பராயலு அண்ணன் காலை நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்குது. ஆனா மறுபடியும் அதே சாயங்காலம் வந்தா, மறுபடியும் சொல்லுவேன்."

சுப்பராயலுவும் இருசம்மாளும் குப்பத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அனுப்பம்பட்டு ரயிலடிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு வாய் மாறி வாய் மாறி எங்கேயோ போய்ச் சேருகிறது. இதுவும் இருசம்மாள் காதுக்குப் போய்ச் சேரட்டும். அன்று வேலம்மா கத்தியது அவள் புருஷனைப் பார்த்து அல்ல.