செலினா ஹோல்டன் கேட்ட மன்னிப்பு

எஞ்சின் ஏற்றிய லாரியின் பின்பலகையை மாட்டப் போனவர்களைப் பார்த்து செலினா இரண்டு கைகளையும் ஆட்டினாள். கத்திப் பயனில்லை. பக்கத்துக் கொட்டகையில் இன்னொரு ஜெட் எஞ்சினை ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

முற்றத்தின் அந்தக் கோடியில் ஃபோர்மன் ஹாகர்த் நின்றார். செலினா ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அகல இழுத்து, சத்தமில்லாமல் சொன்னாள்.

"எஞ்சினை இறக்குங்க. அதுல பதினொரு பிளேடு. பார்க்காமலே முத்திரை போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த இடம் நெசவாலை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் மற்ற ஆலைகளைப் போலவே அங்கும் தறிச் சத்தத்தில் யாரும் காதால் கேட்டதில்லை. சண்டையும் கல்யாணப் பேச்சும் உதட்டிலேயே நடந்தன. செலினா இருபத்தாறு வருஷம் நான்கு தறி ஓட்டியவள். ஹாகர்த் அந்தத் தறிகளைப் பழுது பார்த்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்தி லாரியை நிறுத்தினார்.

தறிகள் போன இடத்தில் இப்போது மீட்டியார் போர் விமானத்துக்கு எஞ்சின் செய்தார்கள். மூக்கில் சுழலி இல்லாத அந்த விமானத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. எஞ்சினுக்குள் சுழலும் பிளேடுகளை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, சுண்ணப்பொடி பூசி, அரை மணி நேரம் காத்திருப்பது செலினாவின் வேலை. விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். கோடில்லாததில் அவள் முத்திரை விழும்: எண் இருபத்தேழு. ஆலைப் பெண்களில் முத்திரை பெற்றவள் அவள் ஒருத்திதான். அந்த முத்திரை அச்சைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். "மேயரம்மா வர்றாங்க, வழிவிடுங்க" என்பான் கணவன் வில்ஃப்.

செவ்வாய்க்கிழமை கடைசித் தட்டில் இருந்த பதினொரு பிளேடுகளுக்கு அவள் காத்திருக்கவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவுமில்லை. எஞ்சின் லாரியில் ஏறியதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை.

கொட்டகையில் சத்தம் அடங்கியது. ஹாகர்த் நடந்து வந்தார்.

"என்னம்மா அவ்வளவு அவசரம், செவ்வாய்க்கிழமை?"

"கேன்டீன்ல பன் போட்டாங்க."

"பன்னா?"

"கிஸ்மிஸ் வச்சது. போன தடவை எனக்குக் கிடைக்கலை."

ஹாகர்த் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காதோட காதா வந்து சொல்லியிருந்தா, ஏதாவது சாக்குச் சொல்லி நானே இறக்கியிருப்பேன் தாயி. மேல பாரு."

மாடி சன்னல்களில் நாற்பது பெண்கள். எல்லோரும் பழைய நெசவுக்காரிகள். ஒரு சொல் விடாமல் படித்திருந்தார்கள்.

"வந்து சொல்றதுக்குள்ள லாரி கிளம்பியிருக்குமே, மிஸ்டர் ஹாகர்த்."

"கிளம்பியிருக்கும்." அவர் கையை நீட்டினார். அவள் கயிற்றைத் தலைவழியே கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாடியிலிருந்து தோழி நெல்லி உதட்டை இழுத்தாள்: "கூறுகெட்டவளே, உள்ள வா. டீ ஆறுது."

மறுநாள் வெள்ளிக்கிழமை எஞ்சினைப் பிரித்தார்கள். பதினொரு பிளேடுகளையும் மறுபடி முக்கி, பூசி, அரை மணி நேரம் வைத்தார்கள். ஒன்றிலும் கோடில்லை. செலினாவைக் கேன்டீனில் தட்டு கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள். மத்தியானம் எஞ்சினைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்கள். மழை பெய்தது. ஐந்தரை மணிக்குச் சங்கு ஊதியதும் அவள் வீட்டுக்குப் போனாள்.