கடையில் செல்லாத இருபது பவுண்ட்

லண்டன் சட்டனில் ஒரு தமிழ் ட்ராவல் ஏஜென்சியில் விமான ரிக்கெற் போடும் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன்.

கடதாசி நோட்டுகளை நிறுத்தி, கடைகளில் பிளாஸ்டிக் நோட்டு மட்டும் வாங்கத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் மத்தியானம் ரகு உள்ளே ஓடி வந்தான். ரெஸ்ரோரன்ற் கிச்சனில் வேலை செய்கிற பெடியன்.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார். நான்தான் மூத்தவன், கொள்ளி வைக்கோணும். இண்டைக்கு இரவுப் பிளைற்றிலை ஊருக்கு ஒரு சீற் பாருங்கோ."

ஒரேயொரு சீற் கிடந்தது. புக்கிங் போட்டேன். டைம் லிமிட் ஐந்து மணி. அதற்குள் காசு கட்டி ரிக்கெற் அடிக்காவிட்டால் சீற் தானாகவே கான்சல் ஆகிவிடும்.

ரகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து வைத்தான். எல்லாம் கடதாசி இருபதுகள். ஊருக்குப் போகவென்று வருடக்கணக்காகச் சூட்கேசில் சேர்த்தது.

முதலாளி சிவம் அண்ணை எட்டிப் பார்த்தார். "தம்பி, இது செல்லாது."

ரகுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "செல்லாதோ? அண்ணை, நான் பாத்திரம் கழுவி உழைச்ச காசு இது."

"கடையிலைதான் செல்லாது," என்றேன். "பாங்க் கார்ட் வைச்சிருக்கிறீரோ? தபால் கந்தோரிலை உம்மட எக்கவுண்டுக்குப் போடலாம். வாரும்."

அங்கே நீண்ட கியூ. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பார்த்து இரண்டாகப் பிரித்தாள். பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் ஒரு பொருளியல் அறிஞரின் படம். அவற்றை எடுத்துக்கொண்டாள். சிலவற்றில் இசையமைப்பாளர் ஒருவர். அது அதற்கும் முந்தியது. அவற்றை லண்டன் நடுவில், சிற்றியில் உள்ள மத்திய வங்கியில்தான் மாற்றவேண்டும் என்று தள்ளி வைத்தாள்.

சிற்றிக்குப் போய்வர நேரமில்லை. கடைக்குத் திரும்பி ஓடினோம். கார்டில் விழுந்த காசு ரிக்கெற்றுக்குக் காணாது. ரகு இருக்கவுமில்லை. என் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, மிச்சத்துக்கு இந்த நோட்டுகளை எடுங்கோ. மத்திய வங்கி எப்ப குடுத்தாலும் மாத்தித் தரும்," என்றேன் சிவம் அண்ணையிடம்.

"நிச்சயமோ?"

"ஓம். நோட்டிலையே எழுதிக் கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

சிவம் அண்ணை கண்ணாடியைப் போட்டார். கொண்டுவருபவர் கேட்டதும் இருபது பவுண்ட் தருவதாக உறுதி சொல்லும் அந்தச் சின்ன வரியை விரலால் தடவி வாசித்தார். நோட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ரிக்கெற்றை அடியும், பிள்ளை."

ரகு நன்றி சொல்லவும் மறந்து ஓடினான். மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது: "கொள்ளி வைச்சிட்டன் அக்கா."

அடுத்த கிழமை சிவம் அண்ணை மத்திய வங்கிக்குப் போனார். ஐடியைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்களாம்.

பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் முன்னாலும் யாராவது பழைய நோட்டையோ செல்லாத வட்டப் பவுண்ட் நாணயக் குற்றியையோ நீட்டுவார்கள். வாங்க ஏலாவிட்டால் வாங்கவேண்டாம். ஆனால் எங்கே செல்லும் என்று சொல்லாமல் ஆளை அனுப்பாதீர்கள்.